முன்பாரமான வண்டி கவிழாது என்று யார் சொன்னது?

முன்பாரமான நான்கு சக்கர குவாட் பின்பக்கம் கவிழாது என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்த ஆள் அப்படிப்பட்ட வண்டியின் முன்சக்கரத்தை ஒருதரம்கூட ஒழுங்காகத் தூக்கியதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொன்னவர் கெட்டவர் இல்லை. ஷார்ஜாவில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். "மச்சான், எல்டிஆர் பின்னாடி கவுறவே கவுறாது, மூக்கு வெயிட்டு. பயப்படாம இழு" என்றார். அதைக் கேட்டு இழுத்ததில் என் இடது கணுக்காலில் இப்போது ஒரு பிளேட்டும் சில ஸ்க்ரூக்களும் இருக்கின்றன. புதிதாக வரும் பையன்களுக்கு அவர் இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

நீங்களும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் லீவு. புது வண்டி வாங்கச் சம்பளம் காணாது. யாரோ ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய சுசுகி எல்டி ஆர்450 கைக்கு வந்திருக்கும். தெரிந்தவர் கடையின் பின்புறத்தில் நிறுத்தி வைத்து, லீவு நாள் விடியுமுன்னே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு அல் பதாயர் பக்கம் மணலுக்குப் போவீர்கள். அங்கே யமஹா ராப்டர் வைத்திருப்பவர்கள் ஒற்றைக் கையால் ஓட்டுவதுபோல் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நம் வண்டி மட்டும் மூக்கைத் தரையை விட்டு எடுக்காது. சிரிப்பார்கள்.

வண்டி அப்படிப் பிறந்தது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை வண்டியில் இல்லை. எல்டி ஆர்450 2006-ல் வந்தபோது, மோட்டோகிராஸ் பந்தயத் தடத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டியாக வந்தது. சுசுகியின் ஆர்எம் இசட்450 மோட்டோகிராஸ் பைக்கின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட 450 சிசி ஒற்றை சிலிண்டர்; கார்புரேட்டர் இல்லை, எரிபொருளை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். அகலம் ஏறக்குறைய 50 அங்குலம். யமஹா ராப்டர் 700 சுமார் 46 அங்குலம்தான். பின்டயர் ராப்டரில் 20 அங்குல உயரம், நம் வண்டியில் 18. அதனால் வண்டியே தரையோடு படுத்து நிற்கும். ஓட்டுபவரும் ஹேண்டில்பாரை ஒட்டி முன்னால் உட்காரும் அமைப்பு. வளைவில் உள்சக்கரம் எழும்பாமல், தாவி இறங்கும்போது மூக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அந்த ஏற்பாடுதான் வீலிங் அடிக்க வரும்போது எதிரே நிற்கிறது.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மூட்டையை முன்னால் அடுக்கினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்னால் தள்ளிவிட்டால் நுகத்தடி தானாக மேலே கிளம்பும். பலசாலி மாட்டைக் கட்டுவதால் பாரம் இடம் மாறாது. இந்தச் சின்ன விஷயம் விளங்குவதற்கு முன்னால் நான் சைலன்சருக்குக் காசு கொட்டினேன்.

கணக்கைப் பார்த்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்

முன்சக்கரம் எழுவதற்கு இரண்டு அளவுகள்தான் முக்கியம். பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து, வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ஒன்று. அந்த மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் அளவை இரண்டாவதால் வகுங்கள். வருகிற எண், புவியீர்ப்பு முடுக்கத்தின் எத்தனை பங்கு முடுக்கத்தோடு வண்டி முன்னால் பாய வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஒரு பேச்சுக்கு, மையம் 63 சென்டிமீட்டர் முன்னால், 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1.05 வருகிறது. அதாவது டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடி, மொத்த எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தளர்ந்த மணலில் அதற்கு வழியே இல்லை. சக்கரம் மண்ணைத் தோண்டுமே தவிர மூக்கு எழாது. இப்போது 75 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்து, பாதி எழுந்து நிற்கிறார் என்று கொள்ளுங்கள். வண்டியின் எடை பெட்ரோலோடு 180 கிலோ என்றால், மொத்த மையம் சுமார் 9 சென்டிமீட்டர் பின்னே போகிறது, 6 சென்டிமீட்டர் உயர்கிறது. 54-ஐ 66-ஆல் வகுத்தால் 0.82. உடம்பை நகர்த்தியதில் மட்டும் இவ்வளவு மிச்சம்.

இந்த 0.82-க்கு எஞ்சின் எவ்வளவு சக்தி தர வேண்டும்? 255 கிலோ மொத்த எடைக்கு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், 12 கிலோவாட்டுக்கும் குறைவு. 16 குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இந்த எஞ்சினில் அதைவிட எவ்வளவோ இருக்கிறது. ஆக, குறைந்தது சக்தி இல்லை.

இந்தக் கணக்கு தெரியாத நேரத்தில் கடைக்காரர் ஒருவர் முழு எக்ஸாஸ்ட் செட் மாட்டச் சொன்னார். "உஸ்தாத் சொல்றேன், இதைப் போட்டா மூக்கு வானத்துல நிக்கும்." மாட்டினேன். சத்தம் வானத்தில் நின்றது. மூக்கு தரையிலேயே இருந்தது. எக்ஸாஸ்ட் மாற்றினால் கூடுகிற சக்தி பெரும்பாலும் எஞ்சின் உச்சத்தில் சுழலும்போதுதான் தெரியும். நாம் கிளட்ச் விட்டு முன்சக்கரத்தைத் தூக்குவது அதற்கு வெகு கீழே. அந்தப் பணத்தில் நல்ல மோட்டோகிராஸ் பூட்ஸ் வாங்கியிருக்கலாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் அது வேறு கணக்கு.

மாற்ற வேண்டியதென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுங்கள். 14 பல்லை எடுத்துவிட்டு 13 பல் போட்டால் அதே கியரில் இழுவிசை 7.7 சதம் கூடும். எக்ஸாஸ்ட் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. கிளட்ச் விடும்போது எஞ்சின் திணறாது. செயினைக் குறுக்க முடிந்தால் பின் ஆக்ஸிலைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வையுங்கள். ஒரு விரற்கடை முன்னால் வந்தாலும் மேலே சொன்ன முதல் அளவு குறையும். யாரோ போட்டு வைத்த நீள ஸ்விங்ஆர்ம் உங்கள் வண்டியில் இருந்தால், அது மேடேறும் ஓட்டத்துக்கானது. அதைக் கழற்றாமல் வீலிங் பழகப் போவது வீண் வேலை.

சட்டென்று முடிக்கக்கூடியவை

பின்டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். நான் 5 பிஎஸ்ஐ வைப்பேன். இந்த வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இறுகியிருக்கும், டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு டயர் கொஞ்சம் உப்பலாக இருந்தால் முன்சக்கரம் எழுந்ததும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். நீங்கள் உங்கள் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

முன் ஷாக்கில் ரீபவுண்டு திருகை இரண்டு மூன்று கிளிக் திறந்து விடுங்கள். அமுங்கின ஷாக் வேகமாக மேலே வர வேண்டும். பின் ஷாக்கில் ப்ரீலோடைச் சற்றுக் குறைத்தால் பின்பக்கம் தணிந்து உட்காரும்.

பின் பிரேக் பேட், டிஸ்க், ஃப்ளூயிட் மூன்றையும் பாருங்கள். மணல் பேடைத் தின்னும். முன் ஏ-ஆர்ம் பால் ஜாயின்ட், டை ராட் முனைகளை ஆட்டிப் பாருங்கள். மூக்கு தொப்பென்று விழுகிற ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது அவைதான். கில் சுவிட்ச் கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும். பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பது தெரியும்தானே. பிக்கப்பிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். சிரிப்பவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இரண்டு பேர் இருக்கட்டும்.

தூக்குவது கை இல்லை

இடம்: விடியற்காலையில் பனி இறங்கிக் கொஞ்சம் இறுகியிருக்கும் மணல். லேசான ஏற்றமாக இருந்தால் நல்லது. வெயில் ஏறிவிட்டால் மணல் உதிரியாகிவிடும், பிடி போய்விடும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் இதற்குக் காலம்.

கியர்: இரண்டாவது. முதல் கியரில் வெடுக்கென்று எழும், எழுந்த வேகத்தில் எஞ்சின் எல்லையைத் தொட்டுத் திணறும், மூக்கு விழும்.

வேகம்: ஓட்டமும் நடையுமாகப் போகும் ஆளைவிடக் கொஞ்சம் கூட.

இனி முக்கியமான பகுதி. ராப்டர்காரர்கள் கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்திப் பின்னால் சாய்ந்தால் வண்டி எழுந்துவிடுகிறது. 686 சிசி எஞ்சின் கீழேயிருந்தே இழுக்கும், உட்காரும் இடமும் பின்னால். அவர்கள் நமக்குச் சொல்லும் யோசனையும் அதனால் அப்படித்தான் இருக்கும்: "சாஞ்சு இழு." நமக்கு அது உதவாது. 0.82 என்ற பிடிகூட மணலில் முழுசாகக் கிடைக்காது. மிச்சத்தை முன் ஷாக் தர வேண்டும். முன்சக்கரத்துக்குச் சுமார் 10 அங்குல மேல்கீழ் ஓட்டம் இருக்கிறது. ஷாக்கை அமுக்கினால் அதற்குள் சேர்கிற விசை நம்முடையது.

செய்முறை இது. சீராகப் போகும்போது கட்டைவிரலைச் சட்டென்று எடுங்கள். மூக்கு தானாகத் தணியும். அதே நொடியில் முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைக் கீழே அழுத்துங்கள். ஷாக் அமுங்கும். அது திரும்பி மேலே வரத் தொடங்கும்போது ஒரு விரலால் கிளட்சைப் பிடித்து, எஞ்சினை ஏற்றி, கிளட்சை விடுங்கள். இடுப்பு பின்னே போகட்டும். கை நீட்டியபடியே இருக்கட்டும். கையை மடக்கி இழுக்கிறவர் தன் உடம்பைத்தான் முன்னால் கொண்டுவருகிறார், அதாவது மையத்தையும் முன்னால் கொண்டுவருகிறார். நீட்டிய கையில் தொங்கினால் எடை தானாகப் பின்னே விழும்.

நேரம் சரியாக அமைந்தால் முன்சக்கரம் எழுவதில் ஒரு சிரமமும் தெரியாது. தவறினால் என்ன முக்கினாலும் எழாது. அரை நொடி முந்தினால் ஷாக் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும். பிந்தினால் அது மேலே வந்து ஓய்ந்திருக்கும். இதைக் காது பிடித்துக்கொள்ளும், கண்ணுக்கு எட்டாது. கிளட்ச் கவ்வுகிற சத்தமும் மூக்கு எழுகிற அசைவும் ஒன்றாக வர வேண்டும்.

எழுந்த பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பிரயோசனமில்லை. முழங்காலாலும் இடுப்பாலும் சாய்ந்துதான் திசை மாற்ற வேண்டும். முன்சக்கரம் நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பிய சக்கரத்தோடு இறங்கினால் வண்டி பக்கவாட்டில் உருளும். இறங்கும்போது கட்டைவிரலை முழுக்க விட்டுவிடாமல் கொஞ்சம் கொடுத்து இறக்கினால் மூக்கு மெதுவாக உட்காரும்.

இவ்வளவும் நானாகக் கற்றது. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வந்தவர்கள் சொன்னது வேறு.

வலது கால்

என் அறை நண்பர் சொன்னது இதுதான். "உடம்ப பின்னாடி கொண்டுபோகணும்னா காலையும் பின்னாடி வை. ரெண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்ல இருந்து எடுத்து, பின்னாடி, பின்சக்கரத்த ஒட்டி இருக்குற நெர்ஃப் பார் வலை மேல வச்சுக்க. பிரேக் எதுக்கு? இந்த வண்டிய இறக்கவா பிரேக் வேணும்? அதுவே விழுந்துடும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. காலைப் பின்னால் வைத்தால் இன்னும் சில சென்டிமீட்டர் மையம் பின்னே போகும். முன்சக்கரம் சீக்கிரம் எழும். எழுந்தது. அதுவரை வராத உயரம் வந்தது. படமெல்லாம் எடுத்தோம். இனி இதுதான் வழி என்று முடிவு செய்துவிட்டோம்.

அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதியைக் கேளுங்கள். தரையில் இருக்கும்போது வண்டிக்கு 0.82 தேவைப்பட்டது. மூக்கு 20 பாகை எழுந்ததும் எடையின் மையம் பின்னே சாய்கிறது, மேலேயும் போகிறது; தேவை ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடுகிறது. இன்னும் மேலே போனால் ஒரு கோணத்தில் தேவை பூஜ்யம். அதுதான் வண்டி தானே நிற்கும் இடம். அதைத் தாண்டினால் எஞ்சினை அணைத்தாலும் பின்னால்தான் போகும். முன்பாரம் இல்லாத வண்டியில் தேவை ஆரம்பத்திலேயே குறைவு, அதனால் கட்டைவிரலையும் மெல்லத்தான் அழுத்துவோம். நம் வண்டியில் எழுப்பவே முரட்டு விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முரட்டு விசையைச் சட்டென்று குறைக்காவிட்டால், எழுப்பிய அதே விசைதான் கவிழ்க்கும். எழவே எழாது என்பதற்கும் நிற்கவே நிற்காது என்பதற்கும் நடுவில் இருக்கும் நேரம் முன்பாரமான வண்டியில்தான் மிகக் குறைவு. "கவுறாது" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் பொய்யாகிறது.

மணலில் இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கே டயர் வழுக்கிக்கொண்டிருந்தது. கொடுத்த விசையில் ஒரு பங்கு மண்ணை வாரி இறைப்பதில் போனது. அந்த வழுக்கல்தான் அதுவரை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

மணல்மேடுகள் முடிந்து அல் மதாம் சமவெளி தொடங்கும் இடத்தில் கெட்டியான சரளைத் தரை வரும். அங்கேயும் செய்து பார் என்று சொன்னார்கள். அதே இரண்டாவது கியர், அதே உடல் அசைவு, காலும் அதே நெர்ஃப் பார் மேல். கிளட்சை விட்டதும் டயர் வழுக்கவில்லை, கவ்விக்கொண்டது. மூக்கு எழுந்த வேகத்தில் எனக்கு வானம்தான் தெரிந்தது. பின்னால் விழப்போகிறவனின் கை எதையாவது இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும். அப்படிப் பிடிக்கும்போது கட்டைவிரல் த்ராட்டிலில் அழுந்தி நின்றது. வலது கால் பிரேக் பெடலைத் தேடியது. பெடல் ஒரு முழம் முன்னால் இருந்தது.

அந்த நேரத்தில் பின் பிரேக்கை லேசாகத் தொட்டிருந்தால் போதும். பின்சக்கரம் தடைபட்டதும் மூக்கு அதுவாகக் கீழே வந்துவிடும். த்ராட்டிலை விடுவதைவிட வேகமாக வேலை செய்வது அதுதான். பிரேக் இல்லாததால் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது: இடது காலைத் தரையில் ஊன்றியது. ஓடுகிற குவாட்டில் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்பது முதல் நாள் பாடம். ஃபுட்ரெஸ்ட்டுக்கு நேர் பின்னால் பின்சக்கரம் இருக்கிறது. குதிகாலைப் பிடித்து உள்ளே இழுத்துக் கணுக்கால் மேல் ஏறியது. காலில் இருந்தது கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. விரலுக்கு இரும்பு மூடி இருக்கிறது, கணுக்காலுக்கு ஒன்றும் இல்லை.

கில் சுவிட்ச் கயிறு கட்டியிருந்ததால் வண்டி அணைந்தது. இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

பிறகு நடந்ததில் உங்களுக்குப் பயன்படுவது இவ்வளவுதான். அறுவை சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியைத்தான் காப்பீட்டு அட்டை ஏற்றது. உங்கள் அட்டையில் சாகச விளையாட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று விழுவதற்கு முன்பே படித்து வையுங்கள். வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. ஊரில் அம்மாவிடம் சைட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"உடம்பு வாகு சரியில்லடா" என்றார் நண்பர், ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தபோது. வண்டி கவிழ்ந்ததற்குக் காரணம் என் வாகாம். பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்ன வாகு யாருடையது என்று நான் கேட்கவில்லை, கட்டுப் போட்டிருந்தது. இப்போது கேட்கிறேன்.

பெடலை இறக்குங்கள்

கால் ஆறியதும் முதலில் செய்த வேலை, பின் பிரேக் பெடலின் உயரத்தைச் சரிசெய்தது. பெடலோடு சேர்ந்த கம்பியில் நட்டைத் தளர்த்தினால் ஏற்றலாம், இறக்கலாம். வண்டியில் சாதாரணமாக உட்கார்ந்து பெடலைச் சரிபார்க்காதீர்கள். இடுப்பை முழுக்கப் பின்னால் தள்ளி, பாதி எழுந்து, கையை நீட்டிய நிலையில் பாருங்கள். அந்த நிலையில் வலது பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க, நுனி பெடலின் மேல் படிய வேண்டும். பூட்ஸ் போட்டுக்கொண்டு பாருங்கள்; வெறுங்காலுக்கும் பூட்ஸுக்கும் உயரம் வேறு. இறக்கிய பிறகு பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் சூடேறும், தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது.

அடுத்தது, வீலிங்குக்கு முன்னால் பிரேக் பழகுங்கள். முன்சக்கரம் ஒரு சாண்தான் எழுந்திருக்கும், பிரேக்கே தேவைப்படாது, ஆனாலும் தொடுங்கள். எழுந்தால் தொடு, எழுந்தால் தொடு என்று காலுக்குப் பழக்கமாகட்டும். பயந்தபின் யோசித்து வைக்கிற பிரேக் நேரத்துக்கு வராது. எனக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, தரை மாறினால் எல்லாம் மாறும். மணலில் கற்றதை அப்படியே சரளையில் செய்யாதீர்கள். கெட்டித் தரையில் முதலில் ஷாக்கை அமுக்குவதை விட்டுவிட்டு, பாதி விசையில் தொடங்குங்கள். பேடில் டயர் போட்டுப் பழகியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மணலை வாரும் அந்தத் துடுப்புகள் தரும் பிடி சாதாரண டயரைவிட அதிகம், மூக்கு எழும் நேரமும் முந்திவிடும்.

நான்காவது, பின்னால் போகிறது என்று தெரிந்துவிட்டால் வண்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பிரேக் பிடித்தும் நிற்கவில்லையென்றால் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, காலை அகட்டாமல் பின்னால் குதித்து விலகுங்கள். கயிறு எஞ்சினை அணைக்கும். ஃபெண்டர் உடைந்தால் வாங்கலாம்.

"இவ்வளவு பாடுபடறதுக்கு ராப்டர் வாங்கியிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். பணம் இருந்தால் வாங்குங்கள். நான் விற்கவில்லை. அகலமும் தாழ்வுமாக இருப்பதால் மணல்மேட்டின் சரிவில் குறுக்கே ஓடும்போது இந்த வண்டி நிற்பதுபோல் அந்த வண்டி நிற்காது. அங்கே சிரிப்பது நாங்கள். இந்த வண்டியில் நேரம் பார்த்து மூக்கைத் தூக்கக் கற்றவர், வேறு எதில் ஏறினாலும் தூக்குவார். ராப்டரில் கட்டைவிரலால் கற்றவரை ஒருநாள் எல்டிஆரில் ஏற்றிப் பாருங்கள். நான் ஏற்றிப் பார்த்தேன். மூக்கு எழவில்லை. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்போது சரளைத் தரையிலும் தூக்குகிறேன். வலது பாதத்தின் நுனி எப்போதும் பெடலின் மேல். உயரம் முன்பு வந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான், காலைப் பின்னால் வைக்காததால். அந்தக் கொஞ்ச உயரத்துக்கு ஆசைப்பட்டு யாராவது உங்கள் காலை பிரேக்கிலிருந்து எடுக்கச் சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கிய சிநேகிதராக இருந்தாலும் காது கொடுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பிறகு வாங்கலாம், முதலில் பூட்ஸ் வாங்குங்கள். பூட்ஸுக்குக் காசு சேரும்வரை நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கட்டும்.